நீரடி ஃபிளாஷ் விளக்குகளில் நீர்க்கசிவு

நீரடி ஃபிளாஷ் விளக்கில் நீர்க்கசிவு என்பது, கடலடியில் ஒளிப்படம் எடுக்கப் பயன்படும் ஃபிளாஷ் விளக்கின் மூடிய உறைக்குள் நீர் புகுவதைக் குறிக்கும். ஸ்கூபா முக்குளிப்பாளர்கள் இவ்விளக்கை 'ஸ்ட்ரோப்' என்றும் அழைப்பர். கசிவு பெரும்பாலும் பேட்டரி அறையின் மூடியில் உள்ள ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையத்தின் வழியே நிகழ்கிறது. வளையத்தின் மேல் ஒட்டிய ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ நீர் புகுவதற்குப் போதுமானது.

கசிவினால் விலையுயர்ந்த கருவி ஒன்று பழுதாகிறது என்பது வெளிப்படையான இழப்பு. அதைவிடக் கவனிக்க வேண்டியவை, ஆளுக்கு நேரக்கூடிய மூன்று ஆபத்துகள் ஆகும். கருவியைக் காப்பாற்றும் பதற்றத்தில் முக்குளிப்பாளர் வேகமாக மேலேறுவது முதலாவது. பேட்டரி அறைக்குள் அடைபட்ட அழுத்தத்தால் மூடி தெறிப்பது இரண்டாவது. விளக்கை அணைத்த பிறகும் உள்ளே தங்கியிருக்கும் உயர் மின்னழுத்தம் தாக்குவது மூன்றாவது. எனவே கசிவைக் கையாளும் முறைகள் அனைத்தும் 'முதலில் ஆள், பிறகு விளக்கு' என்ற ஒழுங்கில் அமைகின்றன.

நீரடியில் ஃபிளாஷ் தேவைப்படும் காரணம்

நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் கடத்துவதில்லை. அலைநீளம் மிகுந்த சிவப்பு ஒளியை அது முதலில் உறிஞ்சிக்கொள்கிறது. ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரிதும் மங்கிவிடும். அதற்குக் கீழே ஆரஞ்சும் மஞ்சளும் அடுத்தடுத்துக் குறையும். ஆழம் கூடும்போது பவளப்பாறைகளும் மீன்களும் நீலமாகவோ பச்சை கலந்த நீலமாகவோ மட்டுமே தெரிகின்றன. வெண்ணிற ஒளியைப் பொருளுக்கு அருகிலேயே கொண்டு சென்று பாய்ச்சினால்தான் அதன் இயல்பான நிறம் படத்தில் பதியும்.

ஃபிளாஷின் ஒளியும் நீரில் பயணம் செய்து பொருளைத் தொட்டுத் திரும்ப வேண்டியிருப்பதால், அது சுமார் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தொலைவுக்குள்தான் நன்கு பயன்படும். இதனால் விளக்குகளைக் கேமராவின் இருபுறமும் நீண்ட கைகளில் பொருத்தி எடுத்துச் செல்கின்றனர். இவ்வாறு நீட்டிக்கொண்டிருக்கும் விளக்கு படகின் விளிம்பிலும் பாறையிலும் முதலில் மோதும் உறுப்பாகவும் ஆகிவிடுகிறது.

வரலாறு

நீரடி ஒளிப்படத்தின் வரலாற்றில் கசிவு தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. 1856-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வேமத் அருகே வில்லியம் தாம்சன் என்பவர் ஒரு பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கடலில் இறக்கினார். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. எனினும் கண்ணாடித் தகட்டில் மங்கலான ஒரு படம் தப்பியது.

பிரான்சு நாட்டு உயிரியலாளர் லூயி பூட்டான் 1893-இல் பன்யூல்ஸ்-சுர்-மேர் என்னும் மத்தியதரைக்கடல் ஊரில் நீரடிப் படங்களை எடுக்கத் தொடங்கினார். அவருக்காக ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் மக்னீசியத்தை எரிக்கும் விளக்கு ஒன்று உருவாக்கப்பட்டது. அது நம்பகமானதாக இல்லை. பின்னர் ஆக்சிஜன் நிரப்பிய பீப்பாயின் மேல் சாராய விளக்கை எரியவிட்டு, அதன் சுடரில் மக்னீசியத் தூளை ஊதும் அமைப்பு பயன்படுத்தப்பட்டது. 1926-இல் அமெரிக்காவின் புளோரிடா அருகே லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் முதல் நீரடி வண்ணப் படங்களை எடுத்தபோது மக்னீசியத் தூளை நீருக்கு மேலே மிதவையில் வைத்தே கொளுத்தினர்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன் மின்னணு ஃபிளாஷை வளர்த்தெடுத்தார். 1953 முதல் அவர் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவுடன் இணைந்து ஆழ்கடலுக்கான கேமராக்களையும் ஃபிளாஷ்களையும் அமைத்தார். தனி உறை தேவைப்படாத நிக்கோனோஸ் என்ற நீரடிக் கேமரா 1963-இல் விற்பனைக்கு வந்தது. அதன் பிந்தைய வகைகளில் இடம்பெற்ற ஐந்து ஊசி இணைப்பு, பின்னர் பல நிறுவனங்களின் ஃபிளாஷ் வடங்களுக்கும் பொது வடிவமாயிற்று.

விளக்கின் அமைப்பு

இக்கால நீரடி ஃபிளாஷ் ஒன்றில் பொதுவாகப் பின்வரும் பகுதிகள் உள்ளன.

பேட்டரி அறை: பெரும்பாலும் நான்கு ஏஏ பேட்டரிகள் கொள்ளும். திருகி மூடும் மூடியும் ஒன்று அல்லது இரண்டு ஓ-ரிங்குகளும் இதற்கு உண்டு. முக்குளிப்பாளர் அடிக்கடி திறந்து மூடுவது இந்த ஒரு பகுதியைத்தான்.

மின்சுற்று அறை: பேட்டரியின் சில வோல்ட் மின்னழுத்தத்தைச் சுமார் 300 முதல் 350 வோல்ட் வரை உயர்த்தும் சுற்றும், அதைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கியும் இதில் உள்ளன.

ஒளிக்குழாய்: செனான் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய். மின்தேக்கியில் சேர்ந்த ஆற்றல் இதன் வழியே ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் பாயும்போது ஒளி வெடித்துக் கிளம்புகிறது.

இணைப்பு: கேமராவின் கட்டளையைக் கொண்டுவரும் வடம். மின்கம்பி வடமானால் அதன் முனைகளிலும் ஓ-ரிங் உண்டு. ஒளியிழை வடமானால் ஒளி மட்டுமே கடந்து செல்வதால் அந்த இடத்தில் மின்சாரமும் இல்லை, நீர் புகும் துளையும் இல்லை.

இக்கால வகைகள் பலவற்றில் பேட்டரி அறைக்கும் மின்சுற்று அறைக்கும் இடையே நீர்புகாத தடுப்பு இருக்கிறது. அத்தகைய விளக்கில் பேட்டரி அறை முழுவதும் நீர் நிரம்பினாலும், உடனே கவனித்தால், விளக்கு பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தடுப்பு இல்லாத வகைகளில் நீர் நேராக மின்சுற்றைச் சென்றடைகிறது. தம்மிடம் உள்ள விளக்கு எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்து முன்னரே அறிந்து வைத்திருப்பது நன்று.

ஓ-ரிங் வேலை செய்யும் விதம்

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் ஓ-ரிங்கிற்கு 1937-இல் விண்ணப்பித்து 1939-இல் காப்புரிமை பெற்றார். இது ஒரு பள்ளத்தில் அமரும் வட்ட வளையம். மூடியை மூடும்போது வளையம் சற்றே நசுங்கி இரு பரப்புகளையும் தொட்டுக்கொள்கிறது. வெளியிலிருந்து நீரின் அழுத்தம் வரும்போது வளையம் பள்ளத்தின் மறுபக்கத்துக்குத் தள்ளப்பட்டு இன்னும் இறுக்கமாக அமர்கிறது. அதாவது, அழுத்தம் கூடும்போது அடைப்பும் வலுப்படுகிறது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் 1 ஆக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4 வளிமண்டலம் ஆகிறது. விளக்கின் மூடி 4 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது என்று கொண்டால், 30 மீட்டர் ஆழத்தில் அதன் மேல் ஏறக்குறைய 38 கிலோ எடைக்குச் சமமான கூடுதல் விசை உள்நோக்கி அழுத்தும்.

இதனால் பலர் எதிர்பார்ப்பதற்கு மாறான ஒன்று நிகழ்கிறது. பல கசிவுகள் ஆழத்தில் அல்லாமல் ஆழமற்ற நீரில்தான் தொடங்குகின்றன. மேற்பரப்பில் மிதக்கும்போதும், படகிலுள்ள நன்னீர்த் தொட்டியில் கிடக்கும்போதும் வளையத்தை இறுக்க நீரழுத்தம் போதாது. தொடக்கத்தில் கிடைத்த சிறு நசுக்கம் மட்டுமே அப்போது நீரைத் தடுக்கிறது. அந்த நேரத்தில் விளக்கில் ஒரு இடி விழுந்தால் மூடி சற்று நகர்ந்து நீர் உள்ளே நுழையும்.

வளையம் நெகிழ்ச்சியுடன் இருப்பது இன்றியமையாதது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சிதைந்து ஏழு பேர் இறந்ததற்கு, கடுங்குளிரில் அதன் உந்துகலத்தின் ஓ-ரிங் நெகிழ்ச்சியை இழந்தது காரணமாகக் கண்டறியப்பட்டது. முக்குளிப்பாளரின் விளக்கில் இதே இழப்பு முதுமையாலும் வெயிலாலும் மெதுவாக நேர்கிறது.

கசிவுக்கான காரணங்கள்

கசிவு பெரும்பாலும் உற்பத்திக் குறையால் அன்றிப் பராமரிப்புக் குறையால் நிகழ்கிறது. அடிக்கடி காணப்படும் காரணங்கள் வருமாறு:

1. வளையத்தின் மேல் முடி, மணல், துணி இழை, உப்புத் துகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒட்டியிருத்தல். துடைக்கப் பயன்படுத்திய பஞ்சின் இழையே இதற்குக் காரணமாவதும் உண்டு.
2. மூடியைக் கோணலாகத் திருகுதல், அல்லது முழுவதும் திருகாமல் விடுதல்.
3. பேட்டரி மாற்றும்போது வளையம் பள்ளத்திலிருந்து பிதுங்கி மூடியின் இடையில் சிக்குதல்.
4. வளையம் தட்டையாகிப் போதல், வெடித்தல், அல்லது கூர்மையான கருவியால் கீறப்படுதல்.
5. பொருந்தாத கிரீஸ் பூசியதால் வளையம் உப்பிப் பெரிதாதல்.
6. மின்கம்பி வடத்தின் முனை தளர்தல், அல்லது வடத்தின் மேலுறை விரிசலடைதல்.
7. உறையில் மோதலால் ஏற்பட்ட நுண்ணிய விரிசல்.

நீரில் இறங்குவதற்குச் சற்று முன், ஆடும் படகில், ஈரக் கைகளோடு அவசரமாகப் பேட்டரி மாற்றும்போது முதல் மூன்று காரணங்களும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன.

கசிவின் அடையாளங்கள்

விளக்கின் மூடியிலிருந்தோ இணைப்பிலிருந்தோ தொடர்ச்சியாகக் குமிழிகள் வருவது மிகத் தெளிவான அடையாளம். நீரில் இறங்கிய முதல் நிமிடத்தில் உறையின் வெளிப்புற இடுக்குகளில் தங்கிய காற்று சில குமிழிகளாக வெளியேறுவது இயல்பு. அது விரைவில் நின்றுவிடும். ஒரே இடத்திலிருந்து நில்லாமல் வரும் குமிழிகளே ஐயத்துக்குரியவை.

முன்கண்ணாடிக்குப் பின்னால் நீர்மட்டக் கோடு தெரிதல், தயார்நிலை விளக்கு எரியாமை, கேமரா கட்டளையிடாமலே ஃபிளாஷ் தானாக மின்னுதல், எப்போதும் முழு ஒளியில் மட்டுமே மின்னுதல், உறை சூடாதல் ஆகியவையும் அடையாளங்களாகும். இரு விளக்குகள் கொண்ட அமைப்பில் ஒரு பக்கம் கனத்துச் சாய்வதும் உண்டு. கால் லிட்டர் நீர் உள்ளே புகுந்தால் அந்தப் பக்கம் ஏறக்குறைய கால் கிலோ கூடுகிறது.

கண்ணாடியின் உட்புறம் மெல்லிய பனி போல் படர்வது கசிவாக இல்லாமலும் இருக்கலாம். அந்தமான், புதுச்சேரி, திருகோணமலை போன்ற வெப்பமண்டலக் கடற்கரைகளின் ஈரக்காற்று மூடிக்குள் அடைபட்டு, பின் குளிர்ந்த நீரில் இறங்கும்போது அதன் ஈரம் கண்ணாடியில் படியும். இது ஆழமாகச் செல்லச் செல்லப் பெருகாது; துளியாகத் திரண்டு அடியில் தேங்குவதும் அரிது. துளிகள் திரண்டு ஓடினால் அதைக் கசிவாகவே கொள்ள வேண்டும்.

நீருக்கடியில் செய்ய வேண்டியவை

கசிவைக் கண்டவுடன் விளக்கை அணைக்க வேண்டும். மின்னோட்டம் இருக்கும்போது உப்புநீர் உலோகங்களை மிக வேகமாக அரிக்கிறது. ஆகவே கருவியைப் பொறுத்தவரை நீருக்கடியில் செய்யக்கூடிய பெரிய உதவி இதுவே. அணைத்தபின் கசியும் பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு விளக்கைத் திருப்பி வைத்தால், உள்ளே புகுந்த சிறிதளவு நீர் அங்கேயே தேங்கி மற்றப் பகுதிகளுக்குப் பரவாமல் இருக்கும். மூடியைத் திறந்து பார்ப்பதோ, மின்கம்பி வடத்தை நீருக்குள்ளேயே கழற்றுவதோ கூடாது. பெரும்பாலான இணைப்புகள் நீரில் கழற்றி மாட்டும்படி அமைக்கப்படவில்லை.

அடுத்து, இணை முக்குளிப்பாளருக்குச் சைகையால் தெரிவித்து, முக்குளிப்பை வழக்கமான முறையில் முடித்துக்கொள்ளலாம். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமலும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் தவறாமலும் இருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது.

இதற்குக் காரணம் உண்டு. வேகமாக மேலேறினால் உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்பட்டு அழுத்தக்குறைவு நோயை உண்டாக்கும். அடக்கிய மூச்சில் நுரையீரல் கிழிந்துபோகவும் கூடும். மறுபுறம், விளக்குக்குள் உப்புநீர் ஏற்கெனவே புகுந்துவிட்ட நிலையில், இரண்டு நிமிடம் முன்னதாக மேலே வருவதால் கருவிக்குக் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது. இரண்டையும் ஒப்பிட்டால் முடிவு தெளிவு. படகில் இருப்பவரிடம் விளக்கைக் கொடுக்கும்போது அதில் நீர் புகுந்திருப்பதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். அவர் அறியாமல் மூடியைத் திறந்துவிடக் கூடும்.

அடைபட்ட அழுத்தம்

நீர் புகுந்த பேட்டரி அறையில் அழுத்தம் இரு வழிகளில் சேர்கிறது.

முதல் வழி ஆழத்தினால் வருவது. 30 மீட்டரில் கசிவு ஏற்பட்டால், உள்ளேயுள்ள காற்றின் அழுத்தம் வெளிநீரின் 4 வளிமண்டலத்துக்குச் சமமாகும் வரை நீர் புகலாம். பாயிலின் விதிப்படி அப்போது காற்று தன் பழைய பருமனில் கால் பங்காகச் சுருங்கும். முக்கால் பங்கு இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். மேலேறும்போது ஓ-ரிங் மீண்டும் சரியாக அமர்ந்து அடைத்துக்கொண்டால், அந்த 4 வளிமண்டல அழுத்தம் உள்ளேயே சிறைப்படும். முன்பு மூடியை உள்நோக்கி அழுத்திய அதே 38 கிலோ விசை, இப்போது படகில் அதை வெளிநோக்கித் தள்ளுகிறது.

இரண்டாவது வழி வேதிவினையால் வருவது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அது மின்சாரத்தை நன்கு கடத்தும். நான்கு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் தொடராக இணையும்போது 4.8 வோல்ட் கிடைக்கிறது. நீரை மின்பகுக்க இது தாராளமாகப் போதும். எதிர்முனையில் ஹைட்ரஜனும், நேர்முனையில் ஆக்சிஜனோடு குளோரினும் வெளிவருகின்றன. குறுக்குச்சுற்றால் சூடான பேட்டரிகளும் தம்முள்ளிருந்து வாயுவை வெளியிடலாம். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது.

ஆழமில்லாத நீரில் கசிந்த விளக்கிலும் இரண்டாவது வழியில் அழுத்தம் சேரும். நேரம் செல்லச் செல்ல அது கூடும். 'அதிக ஆழம் போகவில்லை' என்பதை வைத்து மூடியை அலட்சியமாகத் திறக்க முடியாது. சில விளக்குகளில் மிகையழுத்தத்தை வெளியேற்றும் வால்வு உண்டு. ஆனால் உப்பு படிந்த வால்வு வேலை செய்யாமலும் போகலாம்.

கரைக்கு வந்தபின் செய்ய வேண்டியவை

பேட்டரி அறையில் நீர் புகுந்த விளக்கைப் பின்வரும் ஒழுங்கில் கையாள்வது வழக்கம்.

1. விளக்கை அணைத்த நிலையிலேயே வைத்து, வெளிப்புறத்தை நன்னீரில் கழுவித் துடைக்க வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது.
2. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ள வேண்டும். அருகில் புகைபிடிக்கவோ தீ மூட்டவோ கூடாது. காற்றோட்டமான இடம் தேவை.
3. மூடி எவர் முகத்தையும் உடலையும் நோக்காதவாறு விளக்கைப் பிடிக்க வேண்டும். திறப்பவரும் மூடிக்கு நேரே குனிந்து பார்க்கக் கூடாது.
4. மூடியைச் சிறிது சிறிதாகத் திருக வேண்டும். காற்று சீறும் ஒலி கேட்டால் அங்கேயே நிறுத்தி, ஒலி அடங்கிய பின் தொடரலாம். திருகின் புரிகள் முற்றிலும் விடுபடுவதற்கு முன்பே அழுத்தம் வெளியேறிவிட வேண்டும்.
5. பேட்டரிகளை எடுத்து உலோகமற்ற பாத்திரத்தில் தனியே வைக்க வேண்டும். அவற்றை உலர்த்தி மீண்டும் பயன்படுத்தக் கூடாது. லித்தியம் பேட்டரியானால் எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கித் திறந்த வெளியில் வைப்பது பாதுகாப்பானது.
6. தடுப்புச் சுவர் உள்ள விளக்காக இருந்தால் மட்டும், பேட்டரி அறையை நன்னீரால் சில முறை அலசலாம். காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் கடைசி அலசலுக்கு அது நல்லது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்தால் ஈரம் விரைவில் ஆவியாகும்; விளக்கின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய ஹைட்ரஜன் கலைந்த பின்னரே இதைச் செய்யலாம்.
7. மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும்.
8. தொடுமுனைகளில் பச்சையாகவோ வெண்மையாகவோ படிந்திருப்பதை மெல்லிய அழிப்பானால் அல்லது மென்தூரிகையால் நீக்கலாம். அல்கலைன் பேட்டரி கசிந்த வெண்படிவுக்குச் சில துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ பயன்படும். பிறகு அந்த அமிலம் எஞ்சாதவாறு துடைக்க வேண்டும்.
9. பழைய வளையத்தை நீக்கிப் புதிய ஓ-ரிங் போட்டு, பேட்டரி இல்லாமல் மூடி, உள்ளே ஒரு துண்டு மெல்லிய காகிதத்தை வைத்து நீரில் சோதிக்கலாம். காகிதம் நனையவில்லை என்றால் அடுத்த முக்குளிப்பிலும் அதே போல் ஆழத்தில் ஒருமுறை சோதித்த பின்னரே பேட்டரி போடுவது நல்லது.

அல்கலைன் பேட்டரியிலிருந்து வடிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் அரிக்கும் காரமாகும். தோலில் பட்டால் நிறைய நீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தொடர்ந்து நீரூற்றிக் கழுவி, உடனே மருத்துவரை நாட வேண்டும்.

மின்சுற்றில் நீர் புகுந்தால்

நீர் முன்கண்ணாடிக்குப் பின்னாலோ மின்சுற்று அறைக்குள்ளோ சென்றுவிட்டால், விளக்கை வீட்டில் பிரித்துப் பார்ப்பது ஆபத்தானது. விளக்கை அணைத்துப் பேட்டரியை எடுத்த பிறகும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் பல மணி நேரம் தங்கக்கூடும். 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 330 வோல்ட்டில் சுமார் 54 ஜூல் ஆற்றலைச் சேமிக்கிறது. ஒரு கிலோ எடையை ஐந்தரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் இது. ஈரக் கையால் அதைத் தொட்டால் தீக்காயமும், மின்னோட்டம் மார்பின் வழியே சென்றால் உயிராபத்தும் நேரலாம்.

'வேலை செய்கிறதா' என்று பார்ப்பதற்காகச் சுவிட்சைப் போடுவதும் தவறு. ஈரமான சுற்றில் மின்னோட்டம் பாயும் அந்தச் சில நொடிகளில், அதுவரை பிழைத்திருந்த பாகங்களும் எரிந்துபோகலாம். பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டு, எப்போது எந்த நீர் புகுந்தது என்ற குறிப்போடு விரைவில் பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பதே ஏற்ற வழி. உப்பு காய்ந்து படிகமாவதற்கு முன் சுத்தம் செய்தால் மீட்கும் வாய்ப்பு கூடும். நாள் கடந்தால் செம்புத் தடங்கள் அரிக்கப்பட்டு விளக்கு மீளாது.

தவறான நம்பிக்கைகள்

அரிசிப் பானையில் புதைத்து வைத்தால் நீர் புகுந்த கருவி சரியாகிவிடும் என்ற நம்பிக்கை கைப்பேசிகள் வழியே பரவியது. அரிசி சிறிதளவு ஈரத்தை உறிஞ்சலாம். உப்பை அதனால் வெளியேற்ற முடியாது. கடல்நீரால் வரும் கேட்டிற்கு உப்பே முதன்மைக் காரணம். எனவே உலர்த்துவதற்கு முன் அலசுவதே பயன் தரும்.

கிரீஸை அதிகம் பூசினால் நீர் புகாது என்பது மற்றொரு தவறான கருத்து. நீரைத் தடுப்பது ரப்பரின் நசுக்கமே. கிரீஸின் வேலை வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி அமரச் செய்வது மட்டும். மிகையான கிரீஸ் மணலையும் முடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வளையம் பளபளப்பாகத் தெரியும் அளவுக்குப் பூசினால் போதும்.

எந்தக் கிரீஸும் எந்த வளையத்துக்கும் ஏற்றது என்பதும் சரியன்று. நைட்ரைல் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் பொருந்தும். சிலிக்கோனாலேயே ஆன வளையமோ அதே கிரீஸை உறிஞ்சி உப்பிவிடலாம். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பர்களைக் கெடுக்கும். விளக்கோடு வந்த கிரீஸையோ, உற்பத்தியாளர் குறிப்பிடும் வகையையோ மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பு.

தடுப்பு முறைகள்

பேட்டரி மாற்றும் வேலையைப் படகில் செய்வதைவிட, முந்தைய நாளே அறையில் நல்ல வெளிச்சத்தில் செய்வது நல்லது. படகில் மாற்றியாக வேண்டும் என்றால் தலையையும் கைகளையும் உலர்ந்த துண்டால் துடைத்துக்கொண்டு, மூடி கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துத் திறக்க வேண்டும். அப்போது இடுக்கில் தங்கிய கடல்நீர் உள்ளே சொட்டாது.

வளையத்தை விரல் நுனியாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ எடுக்கலாம். ஊசியும் கத்தியும் கூடாது. எடுத்த வளையத்தை இரு விரல்களுக்கிடையே மெல்ல இழுத்துச் சுற்றினால் கண்ணுக்குத் தெரியாத மணலும் கீறலும் விரலுக்குப் புலப்படும். வளையம் அமரும் பள்ளத்தையும் அது தொடும் எதிர்ப்பரப்பையும் இழை உதிராத துணியால் துடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வளையத்தை மாற்றுவதும், பயணத்தில் மாற்று வளையங்கள் வைத்திருப்பதும் பலர் பின்பற்றும் வழக்கம்.

கடலில் இறங்குவதற்கு முன் நன்னீர்த் தொட்டியில் சில நிமிடங்கள் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று கவனிக்கலாம். நன்னீர்க் கசிவு உப்புநீர்க் கசிவைவிடக் குறைந்த கேட்டையே விளைவிக்கும். பின்னர் 3 முதல் 5 மீட்டர் ஆழத்தில் ஒருமுறை நின்று இரு விளக்குகளையும் பார்த்துவிட்டுக் கீழே செல்லலாம். கேமரா உறைகளில் உட்காற்றை உறிஞ்சி அடைப்பைச் சோதிக்கும் வெற்றிடக் கருவிகள் இப்போது பரவலாக உள்ளன. ஃபிளாஷ் விளக்குகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லாததால் கண்ணால் பார்ப்பதே அங்கு சோதனை.

முக்குளிப்பு முடிந்தபின் விளக்கை மூடிய நிலையிலேயே நன்னீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பொத்தான்களைச் சில முறை இயக்கினால் இடுக்குகளில் உள்ள உப்பு கரையும். வேகமான குழாய் நீரை மூடியின் விளிம்பில் பாய்ச்சக் கூடாது. பக்கவாட்டு விசை வளையத்தை நகர்த்திவிடலாம். பலருடைய கருவிகள் ஒன்றோடொன்று இடிபடும் பொதுத் தொட்டியில் நெடுநேரம் விட்டுவைப்பதும் நல்லதன்று.

விமானப் பயணத்தின்போது பேட்டரிகளை எடுத்துவிட்டு, மூடியைத் தளர்வாக வைக்க வேண்டும். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. இறுக மூடிய அறைக்குள் தரையின் காற்று அடைபட்டிருந்தால், அது வளையத்தை எதிர்த்திசையில் தள்ளி இடம்பெயரச் செய்யலாம். நெடுநாள் பயன்படுத்தாமல் வைக்கும்போதும் பேட்டரியை எடுத்து, வளையம் நசுங்காதவாறு மூடியைத் தளர்த்தி, நிழலான உலர்ந்த இடத்தில் வைத்தால் விளக்கும் வளையமும் நீண்ட நாள் உழைக்கும்.